கலகேரி: ரேவன்லாஃப்ட் நூலில் ஓர் இந்தியப் பேய்நிலம்

கலகேரி என்பது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசைக் கதை விளையாட்டுக்காக எழுதப்பட்ட கற்பனை நாடு. விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2021 மே மாதம் வெளியிட்ட ‘வான் ரிக்டன்ஸ் கைட் டு ரேவன்லாஃப்ட்’ என்னும் 256 பக்க நூலில் இது இடம்பெற்றது. எழுதியவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அஜித் ஜார்ஜ். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆபிரகாம் ஜார்ஜ் 1997-இல் தொடங்கிய சாந்தி பவன் உறைவிடப் பள்ளியின் நிர்வாகத்தில் நீண்ட காலம் பணியாற்றியவர் இவர். ஏழைக் குடும்பங்களிலிருந்து குடும்பத்துக்கு ஒரு குழந்தையைச் சேர்த்துக்கொண்டு கல்லூரி முடியும்வரை துணைநிற்கும் அப்பள்ளியை, ‘டாட்டர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ என்ற 2017-ஆம் ஆண்டு ஆவணத் தொடர் வழியாகப் பலர் அறிவர்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியும் இதே மாவட்டம்தான். அங்கே 1878-இல் பிறந்த ராஜாஜி மகாபாரதத்தை ‘வியாசர் விருந்து’ என்றும் ராமாயணத்தை ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்றும் தமிழில் எழுதினார். அரக்கர்களைத் தமிழ் வாசகர்களுக்கு எளிய உரைநடையில் அறிமுகம் செய்தவரின் பிறந்த ஊரும், அமெரிக்க விளையாட்டுக்காக அரக்கர் கதை எழுதியவர் பணியாற்றிய பள்ளியும் ஒரே மாவட்டத்தில் அமைந்தது தற்செயல். ஆனால் கலகேரியை எடைபோட அந்தத் தற்செயல் உதவுகிறது.

விளையாட்டு

இந்த விளையாட்டைக் காணாதவர்களுக்குச் சுருக்கமான விளக்கம் தேவை. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதையை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “மண்டபத்தின் கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே யாரோ முனகுகிறார்கள்” என்று நடத்துபவர் சொன்னால், நுழைவதா ஓடுவதா என்பதை ஆடுபவர் முடிவு செய்கிறார். முடிவு பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பாத்திரத்தின் வலிமை, அறிவு, உயிர்ப்புள்ளி எல்லாம் ஒரு தாளில் எண்களாக இருக்கும். தெருக்கூத்தின் கட்டியங்காரனை மேசையில் உட்காரவைத்து, அவன் கையில் தாயக்கட்டையையும் கொடுத்தது போன்ற ஏற்பாடு இது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் இதை வெளியிட்டனர்.

‘ரேவன்லாஃப்ட்’ இவ்விளையாட்டின் திகில் கிளை. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் இணையர் 1983-இல் எழுதிய ஒரு கோட்டைக் கதையில் அது தொடங்கியது. கோட்டைக்குள் ஸ்ட்ராட் என்னும் இரத்தம் குடிக்கும் பிரபு. 1990-இல் அது தனி உலகமாக விரிந்தது. மூடுபனியால் பிரிக்கப்பட்ட பல நாடுகள். ஒவ்வொன்றிலும் தான் செய்த பாவத்திலேயே சிறைப்பட்ட ஓர் ‘இருள் தலைவர்’. அவர் நாட்டை ஆள்கிறார், ஆனால் அதைவிட்டு வெளியேற முடியாது. இந்த அமைப்பு திகில் கதைக்கு மிகப் பொருத்தமானது. தலைவருக்குக் கிடைக்காத ஒன்று எப்போதும் கண்முன் இருந்துகொண்டே இருக்கும். அவருடைய தண்டனையே நாட்டின் தட்பவெப்பமாகிவிடும்.

புலித்தலை அரக்கன்

கலகேரிக்கு முன் இவ்விளையாட்டில் இந்தியா எப்படி இருந்தது என்பதைப் பார்த்தால்தான் அது செய்த மாற்றம் விளங்கும்.

ராட்சசன் 1975 டிசம்பரிலேயே இந்த விளையாட்டின் இதழொன்றில் வந்துவிட்டான். 1977-இல் ‘மான்ஸ்டர் மானுவல்’ என்னும் அரக்கர் தொகுப்பில் புலித்தலையும் பட்டு மேலங்கியும் வாயில் புகைக்குழாயுமாக டேவ் டிராம்பியர் வரைந்த படம் அவனுடைய நிலையான உருவமாயிற்று. பின்னர் உள்ளங்கைகள் புறமாகத் திரும்பியிருப்பதும் அவன் அடையாளங்களில் ஒன்றாயிற்று. அவன் நம்பத்தகுந்தவரின் உருவில் வந்து ஏமாற்றுவான். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவான். இந்த இரண்டு குணங்களையும் வால்மீகியிலோ கம்பனிலோ தேட வேண்டாம். அவை 1974 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘கோல்சாக்: த நைட் ஸ்டாக்கர்’ தொடரின் ஒரு பகுதியிலிருந்து வந்தவை. சிகாகோவின் யூதக் குடியிருப்பில் முதியவர்களைக் கொன்று தின்னும் ராட்சசனைப் பற்றிய கதை அது. ஒரு வேட்டைக்கார இந்தியக் கிழவர் காப்புக்காகச் சுவர்களில் ஸ்வஸ்திகம் வரைய, யூதர்கள் அதை நாஜிச் சின்னமென்று எண்ணி நடுங்குகிறார்கள். நல்ல திகில் கதைதான். இராவணனோடு அதற்குப் பெயர் அளவில் மட்டுமே உறவு.

1980-இல் வந்த ‘டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ நூலில் இந்திரனுக்கும் காளிக்கும் யமனுக்கும்கூட உயிர்ப்புள்ளிகள் ஒதுக்கப்பட்டன. உயிர்ப்புள்ளி இருந்தால் அதைக் கழிக்கவும் முடியும் என்பது விளையாட்டு விதி. காளியை வாளால் வெட்டிப் புள்ளி குறைப்பதை அந்நூலை எழுதியவர்கள் இழிவாகக் கருதியிருக்க மாட்டார்கள். கிரேக்கத் தெய்வங்களையும் அவர்கள் அப்படித்தான் நடத்தினர். வேறுபாடு ஒன்று உண்டு. சீயஸுக்கு இன்று வழிபாட்டுக் கோயில்கள் பெரிதாக இல்லை. காளிக்கு ஊர்தோறும் உண்டு.

1990-களின் ரேவன்லாஃப்ட் நூல்களில் ‘ஸ்ரீராஜி’ என்ற காட்டுநாடு வந்தது. அதன் தலைவன் அரிஜானி என்னும் ராட்சசன். காடு, பாழடைந்த கோயில், புலி, மாயை. இந்தியாவை ஒரு வேட்டைக்காரனின் நாட்குறிப்பிலிருந்து எடுத்தாற்போன்ற நாடு அது.

ராஜாஜியின் ராமாயணத்தோடு இதை ஒப்பிட்டால் இழப்பு தெரியும். அவர் கும்பகர்ணனையும் விபீஷணனையும் பேசவிடுகிறார். அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தும் அண்ணனுக்காகச் சாகப் போகிறவன் ஒருவன். தவறு என்பதாலேயே அண்ணனை விட்டுப் பிரிகிறவன் இன்னொருவன். இருவரும் அரக்கர்கள். அரக்கர் குலத்துக்குள்ளேயே அறச்சிக்கல் இருக்கிறது. 1977-இன் தொகுப்பிலோ ராட்சசன் பிறவியிலேயே தீயவன் என்று ஒரு சொல்லில் குறிக்கப்பட்டான். அவனுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

கலகேரி

அஜித் ஜார்ஜ் அந்த அண்ணன் தம்பியைத் திருப்பிக் கொண்டுவந்தார் என்பதே கலகேரியின் முதல் சிறப்பு. அரிஜானி என்ற பெயரை அவர் கைவிடவில்லை. ஆனால் அவனை நாட்டின் தலைவன் என்ற இடத்திலிருந்து இறக்கி, ரம்யா வாசவதன் என்னும் அரசியின் உடன்பிறந்தவனாக்கினார். ரீவா என்ற சகோதரியும் உண்டு. உடன்பிறந்தார் மூவருக்கும் இடையில் அரியணைக்கான போர். சாவோடு அது முடியவில்லை. செத்த பிறகும் எழுந்து ஆளும் அரசி ஒருபுறம், மனித உருவை இழந்து மீண்ட அரிஜானியும் ரீவாவும் மறுபுறம். மழைக்காட்டு நாட்டு மக்கள் இவர்களுள் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தலைமுறைகளாகச் சாகிறார்கள்.

இங்கே அச்சம் புலித்தலையில் இல்லை, பங்காளிச் சண்டையில் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டு நாள் பாரதம் கேட்டவர்களுக்கும், மண்ணால் செய்த துரியோதனன் கிடக்கும் படுகளத்தைச் சுற்றி நின்றவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நிலத்துக்கும் பட்டத்துக்கும் உடன்பிறந்தாரைக் கொன்றவர்கள் வென்றபின் அனுபவிக்கும் வெறுமைதான் மகாபாரதத்தின் பெரிய திகில். அந்த வெறுமையை ஒரு நாட்டின் விதியாக மாற்றியது ரேவன்லாஃப்ட் அமைப்பை நன்கு உணர்ந்தவரின் வேலை.

பெயரைப் பற்றிச் சிறு குறிப்பு. ஆங்கில எழுத்தில் குறில் நெடில் தெரியாததால் கலகேரி, காலகேரி, களகேரி என எப்படியும் படிக்கலாம். தமிழ் வாசகருக்குக் ‘கலகம்’ என்ற சொல் காதில் விழும். ஓசூர் எல்லையில் வாழ்பவருக்கோ ‘கேரி’ என்ற ஈறு தெருவையும் குடியிருப்பையும் குறிக்கும் கன்னடச் சொல்லாகப்படும். தமிழின் ‘சேரி’யும் அதுவும் ஒரு வேர்ச்சொற்கள். ஸ்ரீராஜி என்ற பெயரில் அப்படி எந்த ஊரின் சாயலும் இல்லை.

குறைகளும் உண்டு. இந்தியா முழுமைக்கும் ஒரே நாடு, சில பக்கங்கள். அதே நூலில் ஐரோப்பியச் சாயலுடைய நாடுகளுக்கோ பல பக்கங்களும் பல வகைகளும் கிடைத்துள்ளன: இரத்தம் குடிப்பவருக்கு ஒன்று, பிணம் தைத்து மனிதன் செய்பவருக்கு ஒன்று, ஓநாய் மனிதருக்கு ஒன்று. கலகேரியின் உழவர்கள் எதை உண்கிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள், இறந்தவரைப் புதைக்கிறார்களா எரிக்கிறார்களா என்பதற்கு அந்தச் சில பக்கங்களில் இடமில்லை. பேய்க்கதைக்கு இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. எரிக்கும் ஊரின் பேயும் புதைக்கும் ஊரின் பேயும் ஒன்றாக இருக்க முடியாது.

மூன்று உடல்கள்

நூலின் பெரிய குறை கலகேரியின் பக்கங்களில் இல்லை, நூலின் தொடக்கத்தில் இருக்கிறது. ஆடுபவர் தம் பாத்திரத்துக்குத் தேர்ந்துகொள்ள அந்நூல் மூன்று அமானுடப் பிறவிகளைத் தருகிறது.

முதலாவது ‘டாம்பிர்’. இரத்தம் குடிக்கும் பேய்க்கும் மனிதருக்கும் இடைப்பட்டது. பால்கன் நாட்டுக் கதைகளிலிருந்து வந்தது. சுவரில் சிலந்திபோல் ஏறும், கடிக்கும். அதன் பசி எதன்மேல் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு: இரத்தம், பச்சை இறைச்சி, கனவுகள், உயிராற்றல் எனச் செல்கிறது. பட்டியல் அருமை. விதிதான் ஏமாற்றுகிறது. பாத்திரத்தின் உயிர்ப்புள்ளி பாதியாகக் குறைந்தால் கடி இன்னும் எளிதாகப் படும். கடித்தால் இழந்த புள்ளியை மீட்கலாம், அல்லது அடுத்த முயற்சிக்கு ஊக்கம் பெறலாம். கடிக்காவிட்டால்? ஒன்றும் ஆகாது. பசித்த பேய் பட்டினி கிடப்பதற்கு எந்த விலையும் இல்லை. பசி என்ற பெயரில் தரப்பட்டது ஓர் ஆயுதம்.

மணிமேகலையின் காயசண்டிகையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. முனிவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைக் காலால் சிதைத்ததற்காக அவளுக்கு யானைத்தீ என்னும் தீராப் பசி சாபமாக வந்தது. எவ்வளவு தின்றாலும் அடங்காது. அவள் யாரையும் கடிக்கவில்லை. வானில் செல்லும் ஆற்றலையும் இழந்து ஊர் ஊராகச் சோற்றுக்கு அலைந்தாள். ஆதிரை இட்ட முதல் பிச்சையால் நிறைந்த அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட சோறுதான் அந்தத் தீயை அணைத்தது. பசியைத் திகிலாகவும் சமூகக் கடமையாகவும் ஒருசேரக் காட்டிய காப்பியம் அது. அதைப் படித்த ஒருவர் டாம்பிரின் விதியை எழுதியிருந்தால், ஒரு நாள் கடிக்காத டாம்பிருக்கு ஒரு பகடையாவது குறைத்திருப்பார். 1991-இல் வந்த ‘வாம்பயர்: த மாஸ்கரேட்’ என்னும் வேறொரு விளையாட்டு இந்தச் சிக்கலை நன்றாகவே கையாண்டது. அதில் இரத்தம் செலவாகும் பொருள். தீர்ந்தால் தேடித்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது ‘ஹெக்ஸ்பிளட்’. சூனியக் கிழவியின் மாயத்தால் பிறந்தவர் அல்லது மாறியவர். தன் தலைமுடி, நகம், பல் ஆகியவற்றில் ஒன்றைப் பறித்து ஒருவரிடம் கொடுத்துவிட்டால், தொலைவிலிருந்தே அவருக்கு மனத்தால் செய்தி அனுப்பலாம், அந்தப் பொருளின் வழியே பார்க்கலாம், கேட்கலாம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் முடியும் நகமும் என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வரும். வெட்டிய நகத்தைக் கண்ட இடத்தில் போடாதே என்று பாட்டிமார் சொல்வதும் அதனால்தான். ஆனால் திசை எதிர்மாறாக இருக்கிறது. ஊரில் பிறருடைய முடியை எடுத்து அவருக்கே தீங்கு செய்வதாக அச்சம். விளையாட்டில் தன் முடியைத் தானே கொடுத்துப் பிறரோடு இணைந்துகொள்கிறார். திகிலைப் பாசமாக மாற்றிய இந்தத் திருப்பம் நூலின் நல்ல கற்பனைகளுள் ஒன்று.

இருந்தாலும் இந்தியாவில் இதை ஆடுபவர்களுக்கு ஒரு தயக்கம் எழுவது நியாயம். சூனியக்காரி என்று பட்டம் கட்டி விதவைகளையும் முதிய பெண்களையும் அடித்துக் கொல்வதைத் தடுக்கவே பீகார் 1999-லும் ஜார்க்கண்ட் 2001-லும் தனிச் சட்டங்கள் இயற்றின. ஓசூரிலிருந்து சில கிலோமீட்டரில் எல்லை கடந்தால் கர்நாடகம். அங்கே சூனியத்தின் பெயரால் நடக்கும் கொடுமைகளுக்கெதிரான சட்டம் 2017-இல் வந்தது. சட்டம் தேவைப்படும் அளவுக்கு உயிருள்ள ஒன்றைத் தொப்பி மாட்டுவதுபோல் மாட்டிக்கொள்ளலாமா? மாட்டிக்கொள்ளலாம், ஒரு நிபந்தனையோடு: சூனியக்காரி என்று அழைக்கப்படுபவரின் பக்கத்திலிருந்து கதையைப் பார்க்க அந்த ஆட்டம் இடம்தர வேண்டும். ஹெக்ஸ்பிளட் அதற்கு இடம் தருகிறது. ஊர் அஞ்சும் பெண்ணாக நான்கு மணி நேரம் இருந்து பார்ப்பது சிறிய பயிற்சி அல்ல.

மூன்றாவது ‘ரீபார்ன்’. இறந்து மீண்டவர். மூச்சும் உணவும் வேண்டாம். முற்பிறவியின் நினைவு திடீரென்று வந்து உதவும். ஆறுமுகப் பகடை ஒன்றைக் கூடுதலாக உருட்டலாம். மணிபல்லவத்தில் பீடிகையைக் கண்டு தன் பழம்பிறப்பை அறிந்த மணிமேகலைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். மூன்றில் இதுவே தமிழ் மரபோடு எளிதில் ஒட்டுவது.

ஆயினும் மூன்றும் ஐரோப்பிய நாட்டார் கதையிலும் கோத்திக் நாவலிலும் வேர்கொண்டவை. கலகேரி என்ற நிலம் நூலில் உண்டு. அந்த நிலத்தில் பிறந்த ஒரு பேயுடல் ஆடுபவர் அணிந்துகொள்ளும்படி எங்கும் இல்லை. ரம்யாவும் அரிஜானியும் கதை நடத்துபவரின் கையில் இருப்பவர்கள். ஆடுபவர் அந்நாட்டுக்குப் போகலாம், அதன் அரசியோடு மோதலாம். ஆனால் டாம்பிராகவே போக வேண்டும். வீட்டைக் கொடுத்துவிட்டுச் சாவியை வைத்துக்கொண்டதுபோல் ஆயிற்று. இது அஜித் ஜார்ஜின் குறையன்று. விதிகளும் நிலங்களும் தனித்தனியே எழுதப்பட்ட நூல் அமைப்பின் குறை.

பைத்தியமும் அச்சமும்

நூலின் மிகச் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால், பலர் கவனிக்காமல் புரட்டிப்போகும் ஆலோசனைப் பக்கங்களைத்தான் சொல்ல வேண்டும். திகில் ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் உட்கார்ந்து, எந்த அச்சம் மேசைக்கு வரலாம், எது வரக்கூடாது என்று பேசிக்கொள்ளச் சொல்கிறது அது. நடுவில் ஒருவருக்குத் தாங்கவில்லை என்றால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டு நகரவும் சொல்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு மாற்றமும் பாராட்டத்தக்கது. திகில் விளையாட்டுகள் பல காலமாகப் பைத்தியத்தை ஒரு தண்டனையாகப் பயன்படுத்தி வந்தன. 1981-இன் ‘கால் ஆஃப் கதுலு’வில் அறிவுநிலைக்கே புள்ளிகள் உண்டு, கோரத்தைக் கண்டால் புள்ளி குறையும், தீர்ந்தால் பாத்திரம் பைத்தியம். பழைய ரேவன்லாஃப்டிலும் பைத்தியப் பகடை இருந்தது. 2021-இன் நூல் அதை எடுத்துவிட்டு, அச்சம், மன அழுத்தம் என்னும் இரண்டை வைத்தது. ஒவ்வொரு பாத்திரமும் எதற்கு அஞ்சும் என்பதை ஆடுபவரே எழுதிக்கொள்கிறார்.

இந்த மாற்றத்தின் பொருளைத் தமிழ் வாசகர் வேறு யாரையும்விட நன்றாக உணர முடியும். 2001 ஆகஸ்டு 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர்களை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று நம்பித் தர்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களே அங்கே பெரும்பாலும் இருந்தார்கள். அதன்பின் ‘பேய் பிடித்தவன் கத்தினான், சிரித்தான்’ என்று மேசையில் விவரிக்கும்போது சிரிப்பு வரக்கூடாது என்பதல்ல. எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பேய் பிடித்தலைப் பற்றி இன்னொன்று. தென்னார்க்காட்டுப் பகுதியில் கள ஆய்வு செய்த இசபெல் நபோகோவ் தமது 2000-ஆம் ஆண்டு நூலில் காட்டியபடி, பேய் பிடிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் புதிதாக மணமான இளம்பெண்கள். பிடிப்பவையோ அகாலமாக இறந்த ஆண்களின் ஆவிகள். உடுக்கை அடித்து ‘நீ யார், எந்த ஊர்’ என்று பேயைக் கேட்டுப் பேசவைப்பதே சடங்கின் நடு. வீட்டில் வாய்திறக்க முடியாத பெண் அன்று பேயின் குரலில் பேசுகிறாள். ரேவன்லாஃப்ட் நூலில் ‘ஆவிகளின் பாணர்’ என்றொரு பாத்திரவகை உண்டு. மண்டையோடு, மெழுகுவர்த்தி போன்ற ஒரு பொருளை ஏந்தி, ஆவிகளிடமிருந்து கதைகளைப் பெற்றுச் சொல்பவர். எந்தக் கதை வருமென்று பகடை முடிவுசெய்யும். மெழுகுவர்த்தியை வைத்துவிட்டு உடுக்கையைக் கொடுத்தால் அவர் பூசாரி. பிணத்தில் புகுந்து தோளிலேறிக் கதை சொல்லும் வேதாளத்தை அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த படங்களோடு படித்த தலைமுறைக்கு இந்தப் பாணர் பழைய நண்பர். வேதாளக் கதையில் விளையாட்டுக்குரிய விதியும் கூடவே இருக்கிறது: பதில் தெரிந்தும் பேசாமலிருந்தால் தலை வெடிக்கும், பேசினால் வேதாளம் மரமேறும்.

விடுபட்ட உடல்கள்

தமிழ் மரபில் அணிந்துகொள்ளப் பேயுடல் இல்லாமலில்லை. காரைக்கால் அம்மையார் கணவன் விட்டுச்சென்றபின் இறைவனிடம் கேட்டுப் பெற்றதே பேய் வடிவம். தசையை உதறி, என்பு உடலோடு, தலையால் நடந்து கயிலை சென்றார். ஐரோப்பியக் கதையில் பேயாவது எப்போதும் சாபம் அல்லது விபத்து. இங்கே அது ஒரு பெண் தன் விருப்பத்தால் எடுத்த முடிவு. அழகால் வரும் தொல்லை எல்லாவற்றிலிருந்தும் விடுதலை. நூலின் மூன்று பிறவிகளில் எதிலும் இந்த நிலை இல்லை.

கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் ஒரு பேய்ப் பட்டாளத்தையே நிறுத்தியிருக்கிறார். நொண்டிப் பேய், ஊமைப் பேய், குருட்டுப் பேய் எல்லாம் உண்டு. அவை காளியிடம் பசியைச் சொல்லி முறையிட்டு, போர் முடிந்ததும் களத்தில் கூழ் அடுகின்றன. கூழ் வார்க்கும் இடத்தில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று ஒவ்வொன்றும் தன் ஒழுக்கத்துக்கேற்ப வாங்கிக் குடிப்பது தமிழின் நல்ல நகைச்சுவைகளில் ஒன்று. இனமும் தொழிலும் கலந்து பாத்திரம் செய்யும் இன்றைய விளையாட்டுக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மாதிரி அது. திகிலும் சிரிப்பும் ஒரே பானையில் வேகலாம் என்பதை அது காட்டுகிறது. ரேவன்லாஃப்ட் நூலில் சிரிப்பு மிகக் குறைவு.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கே வந்தால், வயலோரங்களில் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்டும் புலியோடு பொருதும் இறந்தவர்களின் கற்கள். பல ஊர்களில் அவை வேடியப்பன் என்று வழிபடப்படுகின்றன. செத்தவன் மீண்டு வருகிறான். ஆனால் ஊரைக் காக்க வருகிறான், ஊர் அவனுக்குப் பொங்கல் வைக்கிறது. ‘ரீபார்ன்’ பாத்திரத்தை இப்படி எழுதினால் அதன் விதி அடியோடு மாறும். அவன் ஆற்றல் தன் கல் நிற்கும் எல்லைக்குள் பெருகும், வெளியே போனால் குறையும். படையல் நின்றால் மறதி வரும். இந்த எல்லைப் பகுதியில் தொழிற்பேட்டைக்கும் நாற்கரச் சாலைக்கும் நிலம் சமன்செய்யப்படும்போது கல்லே பெயர்க்கப்பட்டால் அவன் என்ன ஆவான் என்பது ஒரு முழு ஆட்டத்துக்குப் போதுமான கேள்வி.

கர்நாடக எல்லையின் ‘நாளே பா’வும் அப்படித்தான். 1990-களில் பெங்களூருப் பகுதியில் பரவிய வதந்தி அது. இரவில் ஒரு பெண் பேய் தெரிந்தவர் குரலில் கதவைத் தட்டும், திறந்தால் சாவு. ‘நாளைக்கு வா’ என்று கன்னடத்தில் கதவில் எழுதிவைத்தால் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாள் வந்து மறுபடி படிக்கும். எழுத்தறிவுள்ள, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படும் பேய். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூரில் கதவில் எந்த மொழியில் எழுதுவது என்ற சிக்கலும் சேர்ந்துகொள்ளும். நாட்டார் திகில் என்று ரேவன்லாஃப்ட் நூல் ஒரு வகையைத் தனியே விளக்குகிறது. அதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கலகேரிக்குப் பிறகு

2022-இல் ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டாடல்’ என்ற தொகுப்பு வெளிவந்தது. அதை அஜித் ஜார்ஜும் எஃப். வெஸ்லி ஷ்னைடரும் முன்னின்று உருவாக்கினர். பதின்மூன்று சாகசக் கதைகளையும் வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் தத்தம் பண்பாடுகளிலிருந்து எழுதினார்கள். மிமி மண்டல் எழுதிய கதை சங்கபூமி என்னும் நாட்டில் நிகழ்கிறது. வங்கத்தின் ஆறுகளை நினைவூட்டும் நிலம். ரிவரைன் என்னும் நதித்தேவதையும் இந்த நூலில் விதிகளோடு வருகிறது. நதியைக் கோபம்கொள்ளும் ஓர் ஆளாகப் பார்க்கும் இந்தப் பார்வை, தென்பெண்ணைக் கரையில் உள்ள தொரப்பள்ளிக்காரருக்கு அந்நியமல்ல. எனினும் ரிவரைன் நூலில் அரக்கர் வகையிலேயே இருக்கிறது. கதை நடத்துபவர் எடுத்து வைக்கலாம். மேசையின் மறுபக்கத்தில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பவர் அதைத் தன் பாத்திரமாக எழுதிக்கொள்ள இந்த நூலிலும் வழியில்லை.